வலித்தது எந்தச் சதை?

ராத்திரி ஒன்றரை மணி. அம்மா வந்து கதவைத் தட்டினார். "தம்பி, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். கொஞ்சம் வந்து பாரு."

போய்ப் பார்த்தால் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது மார்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். பனியன் நனைந்திருக்கிறது. கரண்ட் போய் அரைமணி ஆகியிருந்தது. அது புழுக்கத்தில் வந்த வியர்வையா, வேறு வியர்வையா என்று தெரியவில்லை.

அம்மாவின் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "வாய்வுதான். ராத்திரியில மொச்சைக்கொட்டைக் குழம்பு வேணாம்னு சொன்னேன், கேட்டாரா? இஞ்சி இடிச்சுத் தரேன்." அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் அரிசி மூட்டையைத் தூக்கி வெச்சேன்ல, அதுல சதை பிடிச்சிருக்கு. தைலம் தேய்ச்சா போயிடும்டா." எனக்குத் தோன்றியதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயது, இருபது வருஷச் சர்க்கரை. சாவியைத் தேடி எடுத்தேன்.

இதற்குள் எதிர்வீட்டு மாமா டார்ச்சோடு வந்து, தன்னுடைய மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அப்பாவின் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டார். அவர் ஸ்டென்ட் வைத்தவர், அனுபவஸ்தர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, "இப்ப கொஞ்சம் தேவலைடா" என்றார் அப்பா. இதயத்துக்கான மாத்திரைக்கு வலி குறைகிறதென்றால் இது இதயமேதான் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டரம்மா. ஈ.சி.ஜி. எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் முறைத்தார். "அடுத்தவங்க மாத்திரையை ஏன் சார் குடுக்குறீங்க? பிரஷர் இறங்கியிருந்தா என்ன பண்ணுவீங்க? அதுல வலி குறைஞ்சுதுன்னு வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உணவுக்குழாய் சதை இறுக்கிப் பிடிச்சிருந்தாலும் அந்த மாத்திரைக்குத் தளரும்."

முதல் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. "மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும்" என்றார்.

அந்த மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா சொன்னது ஒரு சதை, அம்மா சொன்னது இன்னொரு சதை, நான் பயந்தது மூன்றாவது சதை. மனித உடம்பில் இருப்பதே இந்த மூன்று வகைதான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை என்று, அந்த மூன்றும் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சந்தேகத்தின் பேரில் நின்றன.

பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். எலும்புத்தசைக்கு வரி உண்டு, மென்தசைக்கு வரி கிடையாது, இதயத்தசைக்கு வரியும் உண்டு, கிளையும் உண்டு என்று ஒப்பித்து ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. "தன்னிச்சையாக இயங்கும்" என்ற சொல் வேறு படுத்திய பாடு! யாருடைய இச்சை? என்னுடையதா, அந்தச் சதையுடையதா? வாத்தியாரிடம் கேட்டதற்கு, "இருக்குறபடி எழுதுடா" என்றார். அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அப்பா கட்சி. சதை என்றால் நாம் நினைப்பது எலும்புத்தசையைத்தான். அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இதுதான். ஜிம்முக்குப் போகிறவர்கள் கண்ணாடி முன் நின்று பார்ப்பதும், கறிக்கடையில் தொடைக்கறி என்று கேட்டு வாங்குவதும் இதையே. ஆங்கிலத்தில் தசைக்கு வழங்கும் சொல் லத்தீனிலிருந்து வந்தது, அங்கே அதற்குச் சுண்டெலி என்று அர்த்தம். தோலுக்கடியில் ஓடுகிற சதை ரோமானியர் கண்ணுக்கு எலியாகத் தெரிந்திருக்கிறது. நமக்கு மீன். கெண்டைக்கால் என்கிறோமே. குதிகாலைத் தூக்கி நின்று உங்கள் காலையே பாருங்கள், எலியைவிடக் கெண்டைதான் பொருத்தம்.

இந்தச் சதையின் ஒரு செல் என்பது நீளமான இழை. தொடையில் சில இழைகள் ஒரு ஜாண் நீளத்தையும் தாண்டும். பல செல்கள் ஒன்றுசேர்ந்து உருவானதால் ஓர் இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். அதன் குறுக்கே தெரிகிற வரிகளை நாம் படத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோம், ஏன் என்று கேட்கவில்லை. தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதுதான் அந்த வரி. ஒரு மில்லிமீட்டருக்குள் நானூறுக்கும் மேற்பட்ட அடுக்குகள்.

சதை சுருங்கும்போது இந்த இழைகள் சுருங்குவதில்லை என்பதுதான் விஷயம். உங்கள் இரண்டு கை விரல்களையும் நுனி மட்டும் கோத்து, பிறகு உள்ளே தள்ளுங்கள். விரல் நீளம் அப்படியே இருக்கிறது, கைகள் நெருங்கிவிட்டன. அவ்வளவுதான். 1954-இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. பெயரைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைத்தேன். ஒரு சொந்தமும் கிடையாது.

மயோசினுக்குத் தலைகள் உண்டு. கிணற்றில் கயிறு இழுப்பதுபோல் அவை ஆக்டினைப் பிடித்து இழுத்து, விட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இழுக்கின்றன. இழுப்பதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும் என்பது தெரியும். பிடித்ததை விடுவதற்கும் அதே ஏ.டி.பி. வேண்டும் என்பது எனக்குப் புதிது.

படித்ததும் அப்பாயி செத்த நாள் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் உயிர் போனது. அழுகை ஓய்வதற்குள் ஊர்ப் பெரியம்மா ஒருவர் அதட்டினார்: "அழுவலாம், அப்புறம் அழுவலாம். மொதல்ல வாயைக் கட்டுங்கடி. வெறைச்சுப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது." வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையோடு சேர்த்துத் தலையில் முடிந்தார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மடங்கியிருந்த கையை நீட்டி வைத்தார். எல்லாம் சடங்கு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மூச்சு நின்றதும் ஏ.டி.பி. உற்பத்தி நிற்கிறது. பிடித்த மயோசின் தலைகளுக்கு விடத் தெரிவதில்லை. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடை போன்ற சிறு சதைகளில் விறைப்பு தெரிய ஆரம்பித்து, அரைநாளில் உடம்பெல்லாம் பரவிவிடுகிறது. புழுக்கமான ஊரில் இன்னும் சீக்கிரம். பிறகு புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் தளர்கிறது. பெரியம்மா ஆக்டினையும் மயோசினையும் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் கைவசம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது.

எலும்புத்தசையில் இன்னொரு சௌகரியம், அடிபட்டால் ஆறும். இழைகளின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் துணைச் செல்கள் காயம் பட்டதும் விழித்துப் பெருகிப் பழுது பார்க்கின்றன. மூட்டை தூக்கியதில் வந்த வலி நாலு நாளில் போவது தைலத்தால் என்று அப்பா நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும்.

அடுத்து அம்மா கட்சி. வாய்வு என்பது சதை இல்லைதான். ஆனால் வாய்வு வலிப்பது எப்படி? குடல் சுவர் உப்புகிறது, அந்தச் சுவரிலுள்ள சதை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தச் சதைதான் மென்தசை. ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு வைக்கிற வீடுகளில் அலசி அலசிச் சுத்தம் செய்து, குக்கரில் போட்டு எண்ணி விசில் விடுகிறார்களே, பெரும்பாலும் அதுதான்.

மென்தசை நாம் சொன்னால் கேட்காது. இட்லியை வாயில் போட்டு மெல்லுவதும் விழுங்குவதும் நம் கையில். உணவுக்குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்குச் சுவர் எலும்புத்தசை வகை. கீழே போகப் போக அது குறைந்து, இரண்டும் கலந்து, கடைசிப் பகுதி முழுக்க மென்தசை. எட்டுப் பத்து நொடியில் இட்லி வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் போய்ச் சேரும். ஏனென்றால் அது விழுவதில்லை, பிதுக்கித் தள்ளப்படுகிறது. இந்தத் தள்ளல் சில சமயம் ஒழுங்கு தவறி, குழாய் முழுக்க ஒரேயடியாக இறுகிவிடும். அப்போது வருகிற வலி நடுநெஞ்சில், மாரடைப்பு போலவே இருக்கும். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருவதால் மூளைக்கே எது எது என்று தெரிவதில்லை. அம்மாவை எப்படிக் குறை சொல்வது?

மென்தசையின் செல் சின்னது, நடுவில் பருத்து இரண்டு பக்கமும் கூம்பியது, ஒரே உட்கரு. உள்ளே அதே ஆக்டின், அதே மயோசின்தான். வரிசையாக அடுக்கப்படாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் வரி தெரிவதில்லை. வேகம் குறைவு. ஆனால் கொஞ்சமே எரிபொருள் செலவழித்து மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்திருக்கும். எலும்புத்தசையால் அது முடியாது. தண்ணீர்க் குடத்தை நீட்டிய கையில் எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள்? உங்கள் ரத்தக்குழாய்ச் சுவர்கள் பிறந்ததிலிருந்து அப்படி இறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரஷர் என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு அந்த இறுக்கம்.

இரண்டு சதைகளும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தூரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தால் போதும். சிறுநீர்ப்பை மென்தசை, நிறைந்ததும் அது பாட்டுக்குச் சுருங்கப் பார்க்கும். வெளியே சுருக்குப்பை வாய்போல் இருக்கிற வளையம் எலும்புத்தசை, அது மட்டும் நம் பேச்சைக் கேட்கும். "அடுத்த ஸ்டாப்ல நிக்குமா அண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு சதையை வைத்து இன்னொரு சதையை மறித்துக்கொண்டிருப்பவர்கள். புல்லரிப்பது, வெயிலில் கண்பாவை சுருங்குவது, வீசிங் வரும்போது மூச்சுக்குழாய் இறுகுவது எல்லாம் மென்தசை. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்தால் வலி அலை அலையாக வருவது அந்தக் குழாய் கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதால்.

இதில் பெரிய ஆள் கருப்பை. சாதாரணமாக எழுபது கிராம் வாக்கில் இருப்பது நிறைமாதத்தில் ஒரு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தசைச் செல்லும் பல மடங்கு நீள்கிறது. பிரசவம் முடிந்து ஆறேழு வாரத்தில் பழையபடி சுருங்குகிறது. எந்த ஜிம்மிலும் எவரும் இப்படிச் சதை வளர்த்ததில்லை.

எதிர்வீட்டு மாமாவின் மாத்திரைக்கு வருகிறேன். அந்த மாத்திரை நைட்ரோகிளிசரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆமாம், டைனமைட்டில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின். 1879-இல் லண்டனில் வில்லியம் மர்ரெல் என்ற டாக்டர் நெஞ்சுவலிக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். டைனமைட்டில் சம்பாதித்த ஆல்ஃபிரட் நோபெலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது இதைத்தான். விதியின் வேடிக்கை என்று அவரே கடிதத்தில் நொந்துகொண்டார். உடம்புக்குள் போனதும் அது நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது, அது மென்தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்களுக்குச் சேதி சொல்லும் விதத்தைக் கண்டவர்களுக்கு 1998-இல் பரிசு கிடைத்தது. என்ன பரிசு என்று சொல்லவும் வேண்டுமா, நோபெல் பரிசு.

இதய மாத்திரை என்று நாம் சொன்னாலும் அது முக்கியமாக வேலை செய்வது இதயத்தசையில் இல்லை, ரத்தக்குழாயின் மென்தசையில். குழாய்கள் விரிகின்றன, இதயத்தின் சுமை குறைகிறது. உணவுக்குழாயின் மென்தசையும் கூடவே தளர்கிறது. டாக்டரம்மா முறைத்ததன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

இனி நான் பயந்த சதை. இதயத்தசை இரண்டின் குணமும் கொண்டது. எலும்புத்தசைபோல் வரியும் வலுவும் உண்டு, மென்தசைபோல் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. நிமிடத்துக்கு 72 என்று வைத்தாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் துடிப்பு. செல்லின் பருமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா, அதாவது எரிபொருள் உலை. செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. ஒன்றில் தோன்றிய மின்சேதி அடுத்ததற்குத் தாவுவதால் எல்லாம் சேர்ந்தே துடிக்கின்றன. கெண்டைக்காலில் குரக்குவலி வந்து கத்துகிறோமே, அதுபோல இதயம் இறுகி நின்றுவிடுவதில்லை. ஒரு முறை சுருங்கினால், தளரத் தொடங்கும்வரை அடுத்த தூண்டலுக்கு அது காது கொடுக்காது.

உடம்பைவிட்டு எடுத்தாலும் கொஞ்ச நேரம் தானாகத் துடிக்கும். 1880-களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்தார். நன்றாகவே துடித்தது, முடிவுகளையும் வெளியிட்டுவிட்டார். அப்புறம் பார்த்தால், கரைசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள்! காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்து பார்த்தார். இதயம் தொய்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்து இதில் இல்லாமல் போனது சுண்ணாம்புச் சத்து, கால்சியம். 1883-இல் திருத்தி எழுதினார். எலும்புத்தசை தனக்கு வேண்டிய கால்சியத்தை உள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது. இதயத்தசைக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்தும் கொஞ்சம் வேண்டும். அந்த ஆய்வகத் தவறு கண்டுபிடிப்பாகி, இன்றைக்கு நம்மூர் ஆஸ்பத்திரிகளில் "ஒரு ஆர்.எல். போடுங்க சிஸ்டர்" என்கிறார்களே, அந்த ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் வந்து நிற்கிறது. அப்பாவின் கட்டிலுக்கு மேலேயும் ஒன்று தொங்கியது.

கால்சியம் வந்ததும் ஆக்டின் மேல் உள்ள பூட்டைத் திறந்துவிடும் புரதம் ட்ரோபோனின். 1960-களில் ஜப்பானில் செட்சுரோ எபாஷி கண்டது. அப்பாவுக்கு ரத்தத்தில் தேடியது இதைத்தான். மென்தசையில் ட்ரோபோனின் கிடையாது. எலும்புத்தசையிலும் இதயத்தசையிலும் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே அச்சு இல்லை. இதயத்தின் அச்சு ரத்தத்தில் ஏறினால் இதயத்தசைதான் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மூன்று படத்துக்கும் வேறுபாடு எழுதினோமே, அதையேதான் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து இயந்திரம் எழுதுகிறது. செல் உடைந்து கசிந்து அளவு ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பு.

இவ்வளவு பதற்றம் எதற்கென்றால், இதயத்தசை திரும்ப வளர்வது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்று கண்டுபிடித்த விதம் அசாத்தியம். 1963-க்கு முன்னால் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. பிறகு வருஷா வருஷம் குறைந்தது. சாப்பாட்டின் வழியே அது எல்லோர் உடம்பிலும் ஏறியிருக்கிறது. ஒரு செல் பிறந்தபோது காற்றில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசன் குழு இதயத்தசைச் செல்களின் வயதை இப்படிக் கணக்கிட்டு 2009-இல் வெளியிட்டது. இருபத்தைந்து வயதில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் புதிதாகிறது, எழுபத்தைந்தில் அரை சதவீதம்கூட இல்லை. ஆயுள் முடியும்போதும் பாதிக்குமேல் பிறந்தபோது வந்த செல்களே. மாரடைப்பில் செத்த இடத்தை நிரப்ப இந்த வேகம் எந்த மூலைக்கு? அங்கே வெறும் தழும்புதான் விழும். தழும்பு துடிக்காது.

ஐந்து மணிக்கு இரண்டாவது முடிவு வந்தது. ஏறவில்லை. டாக்டரம்மா அப்பாவிடம் வந்தார்.

"அய்யா, எங்க வலிக்குதுன்னு ஒரு விரல்ல காட்டுங்க."

காட்டினார். நெஞ்சு எலும்புக்கு இடப்பக்கம், நான்கு விரற்கடை தள்ளி. டாக்டரம்மா அங்கே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். "அய்யோ!" என்று அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார். கையைக் குறுக்கே நீட்டித் தள்ளச் சொன்னார். அப்போதும் அதே இடம்.

"மார்புச் சதை பிடிச்சிருக்குய்யா. என்ன தூக்குனீங்க?"

"இருபத்தஞ்சு கிலோ அரிசி" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. காரில் வரும்போது மூன்று முறை, "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அம்மா விடவில்லை. "மொச்சையும் சேர்ந்துதான்."

டாக்டரம்மா கிளம்பும்போது சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன். அழுத்தினால் வலிக்கிறது என்பதை வைத்து வீட்டில் யாரும் முடிவு கட்டக் கூடாது, சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பே வலியில்லாமல் வருவதுண்டு, ட்ரெட்மில் பரிசோதனைக்கு அடுத்த வாரம் கட்டாயம் வாருங்கள் என்றார். போய்விட்டு வந்தோம், பரவாயில்லை என்றார்கள்.

அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத்தசை அரைமணிக்குள்ளேயே சாகத் தொடங்கிவிடும். அதனால் உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தச் சதை என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள். இஞ்சியும் தைலமும் சோடாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.